சங்குவின் எடை

பிப்ரவரி 10

தலைமை மருத்துவர் அவர்களுக்கு,

உங்கள் குழந்தைகள் மருத்துவமனையில் என் பேத்திக்கு, அவள் எடைக்குரிய அளவைப்போல் ஒன்றரை மடங்கு மருந்தை ஒரு வாரம் ஊசியில் ஏற்றினார்கள். நடந்த தப்பு இதுதான். வணக்கமும் நலம் விசாரிப்பும் இதற்குப் பிறகு வரட்டும். வணக்கம். நலந்தானே?

பேத்திக்கு ஒன்பது மாதம். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலோடு போன மாதக் கடைசியில் உங்கள் இரண்டாம் மாடி வார்டில் சேர்த்தார்கள். அங்கே அவள் தாளில் எடை பதினொன்றரை கிலோ என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணக்கில்தான் மருந்து. குழந்தைக்குச் சிறுநீர் குறைந்து முகம் வீங்கிப்போன பிறகு, வார்டைச் சுற்றிவந்த ஒரு சின்ன டாக்டரம்மா, "இதா பதினொன்றரை?" என்று கேட்டுக் குழந்தையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். வேறு வார்டிலிருந்து எடைக்கருவியைக் கொண்டுவரச் செய்து நிறுத்திருக்கிறார். ஏழரை. மருந்தை உடனே நிறுத்தச் சொன்னார். அந்த அம்மா நன்றாக இருக்க வேண்டும்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். நெசவாலையில் தறி ஃபிட்டராக இருந்தேன். எழுத்து, பழைய பத்திரிகைகளைக் கூட்டிப் படித்து நானே பிடித்துக்கொண்டது. மருந்தைப் பற்றி எங்கள் தெரு மருந்துக்கடைக்காரரைக் கேட்டேன். அது நல்ல மருந்துதான், ஆனால் அளவு மீறினால் சிறுநீரகத்தையும் காதையும் பிடிக்கும் என்று உறைத்தாள் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். சிறுநீரகம் தப்பிவிட்டது என்று உங்கள் ஆட்கள் சொன்னார்களாம். காதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

அவர் ஏன் எழுதிக் காட்டினார் என்றால், என் காதைத் தறி தின்றுவிட்டது. ஒரு பக்கம் முழுதாகப் போயிற்று. மறுபக்கம் கூப்பாடு போட்டால் கேட்கும். ஆகவே போனில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லாதீர்கள். எழுத்தில் பதில் வேண்டும். அந்த எடையை எழுதியவர் யார்? அவரை ஏன் இன்னும் வேலையில் வைத்திருக்கிறீர்கள்?

பதில் வரும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன். எனக்கு வேறு வேலையும் இல்லை.

இப்படிக்கு,
குழந்தையின் அம்மாவைப் பெற்றவன்


பிப்ரவரி 11

அன்பு மகளுக்கு,

ஆசிகள். நீ, மாப்பிள்ளை, சங்கு மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் மாமியாருக்கு மூட்டுவலி தேவலையா? இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை சொல்லிக் கேட்க ஆளும் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு எழுதியதன் நகலை வைத்திருக்கிறேன். உனக்குப் பிடிக்காது, தெரியும். "விடுங்கப்பா" என்று நீ சொல்வது இங்கேவரை கேட்கிறது. இப்போதெல்லாம் எனக்குத் தெளிவாகக் கேட்கிற குரல் அது ஒன்றுதான். மற்றவர்கள் மீன்தொட்டிக்குள் இருப்பதுபோல் வாயைத் திறந்து திறந்து மூடுகிறார்கள். நானும் தலையாட்டி வைக்கிறேன். போன வாரம் அப்படித் தலையாட்டியதில் பக்கத்து வீட்டுக்காரரின் பூனைக்குட்டி ஒன்று என் வீட்டுக்கு வந்துவிட்டது.

நீ ஒரு காரியம் செய். சங்கு உட்கார்ந்து விளையாடும்போது பின்னால் போய் நின்று, தட்டில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டு. தட்டைத் தரையில் வைத்துத் தட்டாதே, அதிர்வில் திரும்புவாள். விளக்குக்கு முன்னால் நிற்காதே, நிழலைப் பார்த்துத் திரும்புவாள். எனக்கு இதெல்லாம் அத்துபடி. காது போனதைக் காட்டிக்கொள்ளாமல் மேஸ்திரியை இப்படித்தான் பல வருஷம் ஏமாற்றினேன். அவர் நிழல் விழுந்ததும், கூப்பிட்டது கேட்டவன்போலத் திரும்புவேன்.

பிறந்த அன்று அவள் அழுதது எனக்கே கேட்டது. ஆலைச் சங்கு மாதிரி இருக்கிறதே என்று நான்தான் பேர் வைத்தேன். அவள் திரும்புகிறாளா என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா


பிப்ரவரி 26

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? முடிந்துபோன பிறகு இரண்டு நாள் கழித்து வாங்கப் போவதை இனிமேல் வைத்துக்கொள்ளாதீர்கள். பூனைக்குட்டி என்ன நிறம்?

அவர் வடக்கே லோடு எடுத்துப் போயிருக்கிறார். வர இன்னும் பத்து நாளாவது ஆகும். அத்தை காலையில் கோயிலுக்குப் போனால் மதியம்தான் வருவார்கள். நானும் சங்குவும்தான் வீட்டில். அவளுக்குக் கீழே இரண்டு பல் வந்திருக்கிறது. தவழ்ந்து போய்ச் செருப்பைக் கடிக்கிறாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கிறாள். கீழே சைக்கிள் கடையில் சக்கரத்தைத் தட்டித் தட்டி நிமிர்த்துகிற சத்தத்தில் எனக்குத்தான் மதியத் தூக்கம் போச்சு. சங்கு நன்றாகத் தூங்குகிறாள்.

எனக்குக் கொஞ்சம் அசதி, வேறொன்றும் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு எழுதியது போதும் அப்பா. குழந்தை பிழைத்து வந்துவிட்டாள். எடை எழுதிய நர்ஸ் சின்னப் பெண். இரவெல்லாம் அவள் ஒருத்திதான் வார்டு முழுக்க ஓடிக்கொண்டிருப்பாள். விடுங்கப்பா.

உங்கள் மகள்


மார்ச் 3

அன்பு மகளுக்கு,

ஆசிகள். பூனை சாம்பல் நிறம். மாத்திரை போடுகிறேன். உன் அசதிக்கு டாக்டரைப் பார்.

செருப்பு, ஜன்னல், பல் எல்லாம் எழுதியிருக்கிறாய். நான் கேட்ட ஒன்றை மட்டும் காணோம். கரண்டியும் தட்டும் உன் வீட்டில் இல்லையா?

சைக்கிள் கடைச் சத்தத்தில் உனக்குத் தூக்கம் போகிறது, குழந்தை தூங்குகிறாள் என்று எழுதி, அதற்கு முன்னால் "நன்றாக" என்று வேறு போட்டிருக்கிறாய். அந்தச் சொல்லை நீ எழுதும்போது பேனா நின்றிருக்கிறது. மை திட்டாக இருக்கிறது. அவளைக் காது டாக்டரிடம் கூட்டிப் போ. நாளைக்கே.

ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டு கடிதம் போட்டிருக்கிறேன். சின்னப் பெண் என்றால்? தப்புக்கு வயது உண்டா? அவள் வீட்டுக்குப் போக வேண்டியவள்தான்.

அன்புடன்,
அப்பா


மார்ச் 17

பெரியவருக்கு,

தங்கள் கடிதங்கள் மூன்றும் கிடைக்கப்பெற்றோம். குழந்தை விரைவில் முழு நலம் பெற மருத்துவமனை விழைகிறது.

தங்கள் புகாரின்பேரில் விசாரணை நடத்தப்பட்டது. பதிவான எடைக்கு மருந்தின் அளவு சரியாகவே கணக்கிடப்பட்டுள்ளது. வார்டின் வழக்கமான நடைமுறைப்படி, தாய் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு எடைமேடையில் நின்றார். மொத்த எடையிலிருந்து, தாய் தெரிவித்த அவரது எடை கழிக்கப்பட்டது. தாய் தெரிவித்த எடை சரியானதன்று எனத் தெரியவருகிறது. பிழை அங்கேயே தொடங்கியது.

எடையைப் பதிவுசெய்த செவிலியர் பணியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டுள்ளார். இனிமேல் பெற்றோர் சரியான தகவலைத் தருமாறு வார்டில் அறிவிப்புப் பலகை வைக்கப்படும். இத்துடன் இப்பொருள் முடித்துவைக்கப்படுகிறது.

நலம் விழையும்,
தலைமை மருத்துவர்


மார்ச் 20

அன்பு மகளுக்கு,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. நன்றாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

அவர்கள் அனுப்பிய பதிலை இத்துடன் வைத்திருக்கிறேன், படி. பிழை "அங்கேயே" தொடங்கியதாம். அங்கே என்றால் எங்கே? உன் வாயில். குழந்தையின் எடையைத் தெரிந்துகொள்ள அம்மாவின் எடையைக் கேட்டார்களாம். நாளைக்குக் குழந்தையின் காய்ச்சலைத் தெரிந்துகொள்ளத் தாத்தாவின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்களா?

என் மகள் தன் எடையைச் சரியாகத்தான் சொல்லியிருப்பாள். அவர்கள் கூட்டிக் கழித்ததில் கோட்டை விட்டிருப்பார்கள். இன்னொரு தாளில் நாலு வரி எழுதி வைத்திருக்கிறேன். "என் எடையை நான் சரியாகவே சொன்னேன்" என்பது அதில் முக்கியம். கீழே கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. அதைக் கொண்டுபோய்ச் சுகாதாரத் துறை அலுவலகத்தில் கொடுக்கிறேன். முடித்துவைக்கிறார்களாம், முடித்து! யார் தொடங்கியதை யார் முடிப்பது?

நர்ஸை நிறுத்திவிட்டார்கள். நல்லது.

அன்புடன்,
அப்பா


ஏப்ரல் 4

அன்பு மகளுக்கு,

ஆசிகள். நலந்தானா? பதிலைக் காணோம்.

தபால்காரரை வழியிலேயே மறித்துக் கேட்டேன். கையை விரித்தார். மறுநாளும் விரித்தார். இப்போதெல்லாம் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே சைக்கிளில் இருந்தபடி விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். கீழே விழுந்து தொலைக்கப் போகிறார் மனிதர்.

ஒரு கையெழுத்துக்கு இத்தனை நாளா? என்மேல் கோபம் என்றால் கோபம் என்று எழுது. திட்டி எழுது. வெற்றுத் தாளை மடித்து அனுப்பினாலும் சரி, உறைமேல் உன் எழுத்து இருக்கும்.

உனக்குத் தெரியாது, சொல்லவும் எனக்கு இஷ்டமில்லை, ஆனாலும் எழுதுகிறேன். காது போனவனுக்குச் சத்தம் இல்லாதது கஷ்டமே இல்லை, பழகிவிடும். ஒன்றைச் சொல்லி, அது கேட்கவில்லை என்று மறுபடி சொல்லி, மூன்றாவது தடவை எதிராளி கையை அசைத்து "ஒண்ணுமில்ல, விடுங்க" என்பார் பார், அதுதான் கஷ்டம். உன் அம்மா இருந்தவரை அந்த "ஒண்ணுமில்ல"வைச் சொன்னதே இல்லை. பத்துத் தடவையானாலும் கத்துவாள். தெருவுக்கே கேட்கும், வீட்டு ரகசியம் எல்லாம் போகும், ஆனால் எனக்கும் கேட்கும்.

நீ ஒண்ணுமில்லை என்று எழுதிவிடாதே.

அப்பா


ஏப்ரல் 11

மாமா அவர்களுக்கு,

வணக்கம். நான் நல்லா இருக்கேன். உங்க உடம்பு எப்படி இருக்கு. எனக்கு எழுத வராது, நீங்க மன்னிக்கணும். லோடு இறக்கற இடத்துல ஸ்டியரிங் மேல தாளை வெச்சு எழுதறேன்.

சங்குவுக்குக் காது டெஸ்ட் எடுத்தாச்சு மாமா. ரெண்டு காதும் பாதிக்கு மேல போயிடுச்சுன்னு சொன்னாங்க. மிஷின் வெச்சா கொஞ்சம் கேக்குமாம். பேச்சு வர வெக்கத் தனியா சொல்லிக் குடுக்கணுமாம். மாமாகிட்ட இப்ப சொல்ல வேண்டாம்னு அவ சொல்லிட்டா. நான் அவளை மடியில வெச்சுக்கிட்டு லாரி ஹாரனே அடிச்சுப் பார்த்தேன். தெருவுல எல்லாரும் திரும்பினாங்க. இவ என் சட்டைப் பட்டனை இழுத்துக்கிட்டு இருந்தா.

நீங்க அனுப்பின கையெழுத்துத் தாளைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அதை மறுபடி அனுப்பாதீங்க. அதைப் பார்த்தா அவ உள்ள போய்க் கதவைச் சாத்திக்கறா. சரியா சாப்பிடறதும் இல்லை. இந்த நேரத்துல சாப்பிடாம இருக்கலாமா, நீங்களே சொல்லுங்க.

பேப்பர் முடிஞ்சுது மாமா. உடம்பைப் பார்த்துக்குங்க.

உங்க மாப்பிள்ளை


ஏப்ரல் 15

அன்பு மகளுக்கு,

மாப்பிள்ளை "இந்த நேரத்துல" என்று எழுதியிருக்கிறார். எந்த நேரம்?

அப்பா


ஏப்ரல் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நீங்கள் நினைத்தது சரிதான். ஏழு மாதம் முடிந்துவிட்டது. நானும் வயிற்றில் இருப்பதும் நலம் என்று டாக்டர் சொன்னார்.

சங்குவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று எனக்கு நாலு முடிந்து ஐந்து நடந்துகொண்டிருந்தது. அவருக்கு மட்டும்தான் தெரியும். நான் எப்போதும் தொளதொளவென்று போடுகிறவள், அதனால் அத்தைக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. வார்டில் எனக்குப் பின்னால் வரிசையாக ஆட்கள் நின்றார்கள். சங்கு என் தோளில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "குழந்தையோட ஏறி நில்லுங்கக்கா" என்றாள் அந்த நர்ஸ் பெண். நின்றேன். "உங்க வெயிட் எவ்வளவு?" என்று கேட்டாள்.

அப்பா, அவள் இன்னொன்றும் சொன்னாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. "தெரியலன்னா குழந்தையைப் பாட்டிகிட்டக் குடுத்துட்டு நீங்க மட்டும் ஏறி நில்லுங்க" என்றாள். அத்தை கையை நீட்டிவிட்டார்கள். நான் தனியாக ஏறினால் முள் காட்டிக் கொடுத்துவிடும், "என்னக்கா, எத்தனை மாசம்?" என்று இவள் எல்லார் முன்னாலும் கேட்பாள், அத்தை அன்றைக்கே உங்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள் என்று, ஒரு நொடியில் இத்தனையும் ஓடியது. "வேண்டாம், தெரியும்" என்று சொல்லிவிட்டு, சங்கு பிறப்பதற்கு முன்னால் இருந்த எடையைச் சொன்னேன். நாலு கிலோ குறைத்து. அதனால் குழந்தைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எடையை எதற்குக் கேட்கிறார்கள் என்று யாரும் சொல்லவும் இல்லை, நானும் கேட்கவில்லை.

உங்களிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். சங்கு பிறந்தபோது எனக்கு ரத்தம் நிற்காமல் போய், நான் பிழைத்து எழுந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னீர்களே. "இவ பொழச்சு வந்ததே போதும். நாலு வருஷத்துக்குள்ள இன்னொண்ணுன்னு வந்து நின்னீங்க, லாரி டயர் அத்தனையும் கிழிச்சுடுவேன்." நீங்கள் மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்திருப்பீர்கள். வராந்தா முழுக்கச் சிரித்தது அப்பா. லிஃப்ட் ஓட்டுகிறவர் கதவை மூடாமல் நின்று சிரித்தார். உங்கள் மாப்பிள்ளை தலை குனிந்துகொண்டார். நான் உள்ளே கட்டிலில் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். ஐந்து மாதம்கூட ஆகவில்லை, மறுபடி நின்றுவிட்டது. எந்த முகத்தோடு உங்களுக்கு எழுதுவேன்?

போன வாரம் அந்த நர்ஸ் பெண் வீட்டுக்கு வந்தாள். வேலை போன பிறகு அவள் அக்கா வீட்டில் இருக்கிறாளாம். சங்குவுக்கு ஒரு ரப்பர் வாத்து வாங்கி வந்திருந்தாள், அமுக்கினால் கத்துகிற வாத்து. அமுக்கினாள். சங்கு அவள் வளையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை அமுக்கினாள். பிறகு வாத்தை மடியில் வைத்துக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. போகும்போது, "குழந்தைங்க எடைக்கருவி வார்டுலயே இருந்துச்சுக்கா. அது மேல பஞ்சுக் கட்டு அடுக்கி வெச்சிருப்பாங்க. எறக்கினா வைக்க எடமில்லன்னு பெரிய சிஸ்டர் சத்தம் போடுவாங்க. அதனால அம்மாவோட நிறுத்துக் கழிச்சுப்போம், எல்லாரும் அப்படித்தான்" என்றாள்.

நான் சரியாகச் சொன்னேன் என்ற தாளில் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? சங்குவைக் குளிப்பாட்டும்போது அவள் காதைத் தொட எனக்குக் கை வரவில்லை. அத்தைதான் குளிப்பாட்டுகிறார்கள். பகலெல்லாம் நானும் அவளும் ஒரே அறையில் ஆளுக்கொரு மூலையாக இருக்கிறோம். பேச்சு எடுக்க வரவில்லை, பேசினாலும் அவளுக்குக் கேட்கப் போவதில்லை.

புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் அப்பா. தப்பு என்னுடையது.

உங்கள் மகள்


மே 3

அன்பு மகளுக்கு,

ஆசிகள், மூன்று பேருக்கு. நான் நலம். பூனையைப் பக்கத்து வீட்டிலேயே திரும்ப விட்டுவிட்டேன், காரணம் கடைசியில் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்தேன். மடித்து வைத்துவிட்டு வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி படித்தேன். புகாரைத் திரும்ப வாங்க மாட்டேன்.

நீ சொன்னது பொய். பொய் என்றுதான் நானும் சொல்வேன், அதற்கு வேறு பேர் வைக்க மாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரி என்றால் கூச்சத்தில் பொய் சொல்கிறவர்களும் பயத்தில் உளறுகிறவர்களும் மறந்துபோனவர்களும்தான் வருவார்கள். எல்லாரும் மெய்யே சொல்வார்கள் என்று நம்பி ஊசியில் மருந்து அளப்பவர்களை என்ன சொல்வது? தறி நின்றுவிட்டதா என்று வாயால் கேட்டுவிட்டுக் கையை உள்ளே விடுகிறவனுக்கு விரல் மிஞ்சாது. அதை எங்கள் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிடுவார்கள். ஒரு வாரம் சங்குவுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். நர்ஸ்கள் மாறி மாறித் தூக்கியிருப்பார்கள். டாக்டர்கள் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்திருப்பார்கள். ஏழரை கிலோவைத் தூக்கிய அத்தனை கையிலும், தாளில் எழுதிய பதினொன்றரை இல்லையே என்று ஒரே ஒரு கைக்குத்தான் உறைத்தது. நீ வாயால் சொன்னது ஒரு தடவை. அவர்கள் நிறுத்துப் பார்க்காமல் இருந்தது ஒவ்வொரு நாளும்.

வராந்தாவில் சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன். உன்னை அந்த ரத்தத்தில் பார்த்தவன் நான். ஆனால் அது வராந்தா முழுக்கக் கேட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காதோடு காதாகச் சொன்னதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் குரல் எவ்வளவு பெரிது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. என் வீட்டில் வளர்ந்த பெண், என்னிடம் ஒன்றைச் சொல்வதைவிட ஆஸ்பத்திரியில் பொய் சொல்வது சுலபம் என்று நினைத்திருக்கிறாள். இதை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். மருந்துக்கடைக்காரர் வந்து என்னவோ கேட்டார். நானே கையை அசைத்து "ஒண்ணுமில்ல" என்றேன்.

போதும். இனி ஆக வேண்டியது. தலைமை மருத்துவருக்கும் சுகாதாரத் துறைக்கும் உனக்கும் இதே பட்டியல்தான் போகிறது. அவரவர் பங்கை அவரவர் செய்யட்டும்.

தலைமை மருத்துவர்: தன் விசாரணைத் தாளில் "தாய் தெரிவித்த எடை சரியானதன்று" என்ற வரிக்குக் கீழே, "குழந்தையை நாங்கள் நிறுத்துப் பார்க்கவில்லை" என்று இன்னொரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வார்டில் வைக்கப்போகிற பலகையைப் பெற்றோர் பார்க்கும் பக்கம் வைக்காமல் டாக்டர்கள் பார்க்கும் பக்கம் திருப்பி வைக்க வேண்டும்.

பெரிய சிஸ்டர்: எடைக்கருவி மேலிருக்கும் பஞ்சுக் கட்டை இறக்க வேண்டும். வைக்க இடமில்லை என்றால் தன் மேசைமேல் வைத்துக்கொள்ளட்டும்.

மருந்து எழுதுகிற டாக்டர்கள்: எழுதுவதற்கு முன்னால் குழந்தையை ஒரு தடவை கையில் தூக்க வேண்டும். எடையை எதற்குக் கேட்கிறோம் என்று அம்மாக்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அந்த நர்ஸ் பெண்: வேலைக்குத் திரும்ப வேண்டும். அவளை அனுப்பச் சொன்னவன் நான், திரும்ப எடுக்கச் சொல்கிறவனும் நான். எடுக்கும்வரை எழுதுவேன். அவர்களுக்கு என் எழுத்து இப்போது நன்றாகத் தெரியும்.

மருத்துவமனை: சங்குவின் காது மிஷின், பேச்சுப் பயிற்சி, இரண்டையும் அவள் வளர்ந்து ஆளாகும்வரை ஏற்க வேண்டும்.

மாப்பிள்ளை: அடுத்த மாதம் தூர லோடு எடுக்கக் கூடாது. டயர்களை நான் தொட மாட்டேன் என்று சொல்.

உன் மாமியார்: அவருக்கு நான் ஏவல் சொல்ல முடியாது. சங்குவைக் குளிப்பாட்டியதற்குக் கும்பிடு சொல்லு.

நீ: நான் அனுப்பிய பழைய தாளைக் கிழித்துப் போடு. புதிதாக ஒன்று வைத்திருக்கிறேன். நீ எடையைக் குறைத்துச் சொன்னதும், அந்த நர்ஸ் பெண் உன்னைத் தனியாக நிற்கச் சொன்னதும், கருவிமேல் பஞ்சு இருந்ததும், எல்லாம் நடந்தபடி இருக்கிறது. அதில் கையெழுத்துப் போடு. சாப்பிடு. பிரசவத்துக்குப் போகிற ஆஸ்பத்திரியில் போன தடவை ரத்தம் நிற்கவில்லை என்று முதல் வேலையாகச் சொல். இன்று முதல் சங்குவை நீ குளிப்பாட்டு. அவளோடு பேசு. முகத்துக்கு நேராக உட்கார்ந்து, ஜன்னல் வெளிச்சம் உன் முகத்தில் விழும்படி, வாயைக் கையால் மறைக்காமல் பேசு. கேட்காது என்று பேச்சை நிறுத்திவிடாதே. அவளுக்குக் காது பாதி போனது மருந்தால். மீதி போவது நாம் பேசாமல் இருந்தால்.

நான்: வியாழக்கிழமை பஸ் ஏறுகிறேன். குழந்தை பிறந்து நீ எழுந்து நடமாடும்வரை அங்கேதான். சங்குவுக்கு உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பது எப்படி என்று காட்ட வேண்டும், அந்த வித்தை டாக்டர்களுக்குத் தெரியாது. என் சத்தம் அதிகமானால் கையைத் தாழ்த்திக் காட்டு, குறைத்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமை காலை உன் கதவைத் தட்டுவேன். யார் என்று உள்ளே இருந்து கேட்டுக்கொண்டு நிற்காதே, எனக்குக் கேட்காது. திற.

அப்பா